பம்புக்குப் போகும் வயர்

ஈப்போவில் பழைய டர்போ கார் வைத்திருக்கும் நாலு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால் பேச்சு டர்போவில் தொடங்கும். இண்டர்கூலர், எக்ஸாஸ்ட், டயர் என்று நீளும். பெட்ரோல் பம்பின் பெயர் வருவதே இல்லை. அது கண்ணில் படாத பொருள். டாங்கிக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. நின்றுபோகிற அன்றைக்குத்தான் அதன் நினைப்பே வரும். நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, இழுவை வண்டியைக் கூப்பிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடலாம். நிற்காமல் ஓடிக்கொண்டே, வேண்டிய அளவு தள்ளாமல் இருக்கிற பம்ப்தான் இஞ்சினைக் கொல்லும். அந்தப் பம்பைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரைப் பற்றியும் எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

என்னுடையது புரோட்டோன் வீரா. வீராவில் ஏறாத மலேசியத் தமிழ்க் குடும்பம் இருக்காது. 1993-இல் வந்தது, 2009 வரை தயாரானது. மிட்சுபிஷி லான்சரின் உடம்பை வைத்துச் செய்த கார். சாதாரண 1.5 லிட்டர் வீராவின் சக்தி சுமார் 90 குதிரைத்திறன். அதே தலைமுறை லான்சரில் ஜப்பானில் ஜிஎஸ்ஆர் என்று ஒரு ரகம் ஓடியது: 1.8 லிட்டர், 4ஜி93 டர்போ இஞ்சின், 195 குதிரைத்திறன். இரண்டுக்கும் உடம்பு ஒன்றே. அதனால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்கட் வண்டிகளிலிருந்து அந்த இஞ்சினை இறக்கி வீராவில் உட்காரவைப்பது நம் ஊர்ப் பட்டறைகளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. என் காரும் அப்படி உருவானதுதான். இஞ்சின் மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவாகி, காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் புது எண் ஏறியிருக்கிறது. அது இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மிட்சுபிஷி டர்போ மேல் நம்மவர்களுக்கு இருக்கும் பிரியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2002-இல் நம் நாட்டு கரம்ஜித் சிங், ஆலன் ஓ பக்கத்தில் உட்கார்ந்து வழிசொல்ல, உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவில் சாம்பியன் ஆனார். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், மிட்சுபிஷி எவலூஷனை வைத்துச் செய்தது. அந்த வெற்றியைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் இன்றைக்கு நாற்பதைத் தொட்டுக்கொண்டு, தாமான் வீட்டு வாசலில் இந்தக் கார்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இஞ்சின் மாற்றும்போது எல்லாருடைய கவனமும் காரின் முன்பக்கத்தில்தான் இருக்கும். புது மவுண்டிங், புது ரேடியேட்டர், இஞ்சினின் கணினியான இசியுவின் வயரிங் எல்லாம் ஒழுங்காகச் செய்வார்கள். பின்பக்கம் டாங்கிக்குப் போகும் வயர், பழைய சின்ன இஞ்சினுக்குக் கம்பெனி போட்டது, அப்படியே கிடக்கும். பம்பை மட்டும் ஏதோ ஒன்றால் மாற்றியிருப்பார்கள். என் காரிலும் அதே கதை. உள்ளே இருந்தது பெயர் ஊர் தெரியாத ஒரு பம்ப்.

குறை முதலில் தெரிந்தது மேட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் நெடுஞ்சாலையில், ஜெலாப்பாங் தாண்டியதும் மெனோரா சுரங்கத்தை நோக்கி ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. சுண்ணாம்பு மலைகளை விட்டுக் காட்டு மலைக்குள் நுழைகிற இடம். லாரிகள் இடப்பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் மேலே போய் நின்றதும், கார் ஒரு கணம் பின்னால் யாரோ பிடித்து இழுத்ததுபோல் தயங்கும்; காலைத் தளர்த்தினால் சரியாகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. டாங்கியில் எண்ணெய் கால்வாசிக்குக் கீழே போனால் தயக்கம் கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. அதற்குமேல் மேட்டில் ஓட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. பிளக் வெளுத்தால் காரை நிறுத்திவிட வேண்டும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் இஞ்சினை இழந்திருக்கிறார்கள். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். சாதாரண ஓட்டத்தில் இசியு அந்த அளவை ஒட்டியே வைத்திருக்கும். முழு பூஸ்டில் அது போதாது. 11 அல்லது 11.5-க்கு ஒன்று என்று எண்ணெயை அதிகமாகக் கொடுக்கும். அந்த மிச்ச எண்ணெய்தான் சிலிண்டருக்குள் சூட்டைத் தணிக்கிறது. எண்ணெய் குறைந்து காற்று மிகுந்தால், பட்டறையில் ‘லீன்’ என்பார்கள், சூடு ஏறும், கலவை நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். இதற்கு நிமிடங்கள்கூடத் தேவையில்லை. இன்னொன்று, இந்தக் கார்களின் காலத்து இசியுவுக்குப் பம்ப் பலவீனமாக இருப்பது தெரியவே தெரியாது. பெட்ரோல் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பி, இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்பதை மட்டும் அது கணக்குப் போடுகிறது. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் மெதுவாக ஓட்டும்போது மட்டும் திருத்தம் சொல்லும். முழு பூஸ்டில் அதன் பேச்சை இசியு கேட்பதில்லை.

டர்போ காரில் பம்பின் வேலையும் கடுமை. பொதுவாக ரெகுலேட்டர் பெட்ரோலை 3 பார் அழுத்தத்தில் வைத்திருக்கும். இன்டேக்கில் 0.8 பார் பூஸ்ட் ஏறினால், இன்ஜெக்டர் அந்தக் காற்றை எதிர்த்துத் தெளிக்கவேண்டும். அதனால் ரெகுலேட்டரும் அழுத்தத்தை 3.8-க்கு ஏற்றும். அழுத்தம் ஏறினால் எந்தப் பம்பும் தள்ளும் அளவு குறையும், இழுக்கும் ஆம்பியர் கூடும். எண்ணெய் அதிகமாக வேண்டிய அதே நொடியில்தான் பம்புக்குச் சுமையும் அதிகம். அந்த நொடியில் வயர் அதன் வோல்ட்டைத் தின்றுவிட்டால் என்ன ஆகும்?

இதை எனக்குப் புரியவைத்தவர் சிலிபினில் இருக்கும் ஒரு வயர்மேன் அண்ணன். வயது அறுபதைத் தாண்டியவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லாரிக்கு விளக்குப் போடுவதில் தொழில் கற்றவர். புது பம்ப் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர் என்னை உட்காரச் சொன்னார்.

“தம்பி, எங்க தோட்டத்துல பொழுது சாய்ஞ்சா ஜெனரேட்டர் போடுவாங்க. ஸ்டோருக்குப் பக்கத்து லயத்துல பல்பு வெள்ளையா எரியும். எங்க வீடு கடைசி லயம், கடைசி வீடு. மஞ்சளா மினுக்கும். எங்கப்பா பல்புதான் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கிட்டு வருவாரு. அதுவும் மஞ்சளாத்தான் எரியும். பல்பு என்ன பண்ணும், சொல்லு? முதல்ல வயரைப் பார்ப்போம்.”

பார்த்தோம். வோல்ட்டை அளப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பம்ப் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் பச்சை பூத்த வயரும் 12-க்கு மேல் காட்டும். மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லை. சாக்கெட் மாட்டியபடி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பம்ப் சுற்றும்போது அளக்கவேண்டும். பேட்டரியில் 13.9 வோல்ட். பம்ப் முனைகளில் 11.3. பிறகு அண்ணன் மீட்டரின் ஒரு கம்பியை நீள வயர் போட்டு பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, மறு கம்பியை பம்பின் பாசிட்டிவில் வைத்தார். 1.9 என்று காட்டியது. வழியில் தொலைந்த வோல்ட் நேராக அந்த எண்தான். நெகட்டிவ் பக்கமும் அப்படியே அளந்தார், 0.7. பாடியில் எர்த் பிடிக்கும் போல்ட்டைச் சுற்றித் துரு. பெரும்பாலானவர்கள் பாசிட்டிவ் வயரை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தை மறந்துவிடுகிறார்கள் என்றார்.

கணக்கு எளிது. கம்பெனி போடும் வயரின் செம்பு ஒரு சதுர மில்லிமீட்டர்கூட இருக்காது. 0.85 என்று வைத்தால், 5 மீட்டர் நீளத்துக்கு 0.1 ஓம். பம்ப் 8 ஆம்பியர் இழுத்தால் 0.8 வோல்ட் அந்தச் செம்பிலேயே போய்விடும். மிச்சம், முப்பது வருடமாகத் தீப்பொறி பட்டுக் கறுத்த இக்னிஷன் சுவிட்ச், பழைய ரிலே, பச்சை பூத்த சாக்கெட்டுகளில். அதே 5 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டைத் தொடாது. தூரத்துக்கு மின்சாரம் கொண்டுபோக இன்னொரு வழியும் உண்டு: வோல்ட்டை ஏற்றுவது. 1930-இல் பேராக் ஆற்றில் செண்டெரோ அணை கட்டியபோது கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் போனது அப்படித்தான். காரில் நமக்கு இருப்பது பேட்டரி கொடுக்கும் வோல்ட் மட்டுமே. ஆகவே வயரைத் தடியாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது, எந்தப் பம்ப் போடுவது. கடைக்குப் போனால் எல்லாரும் கைகாட்டுவது வால்ப்ரோ 255. நல்ல பம்ப்தான், ஆனால் அதன் போலி அசலைவிட அதிகமாக உலவுகிறது. போலியை நம்பி ஒரு டர்போ இஞ்சினை ஒப்படைக்கக் கூடாது. அதைவிட முக்கியமான கேள்வி, 255 நமக்கு வேண்டுமா? டர்போ இஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 195 குதிரைக்கு 53 கிலோ, அதாவது 70 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஜப்பான்காரன் அந்த இஞ்சினுக்கு என்று போட்ட அளவுப் பம்பே போதும், சரியான வோல்ட் கிடைத்தால். தேவைக்கு மேல் பெரிய பம்பைப் போட்டால் மிச்ச எண்ணெய் முழுவதும் ரெகுலேட்டர் வழியாக டாங்கிக்குத் திரும்ப வேண்டும். பழைய ரெகுலேட்டர் அதைத் தாங்காமல் ஐட்லிங்கிலேயே அழுத்தம் ஏறும், டாங்கியும் சூடாகும். நான் டர்போ காருக்கான அசல் அளவில் புது டென்சோ பம்ப் ஒன்றை வாங்கினேன். ஹாஃப்கட்டில் கிடைக்கும் பழைய பம்பை வாங்கவே வாங்காதீர்கள். அதற்கும் உங்கள் காரின் வயதுதான்.

டாங்கியை இறக்கும் முன் செய்யவேண்டியவற்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இஞ்சின் ஓடும்போதே பம்பின் மின்சாரத்தைத் துண்டித்து, அது தானாக அணையும்வரை விடவேண்டும்; குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவித் தூரத்தில் இருக்கும் தீயைத் தேடிப் போகும். பள்ளத்துக்குள் நின்று இந்த வேலையைச் செய்யக்கூடாது. கதவைத் திறந்து வைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

டாங்கி இறங்கியது. மேல்மூடியைத் திறந்து பம்பை வெளியே எடுத்தபோது அதன் அடியில் இருக்கும் சல்லடைப் பை செம்மண் நிறத்தில் இருந்தது. விரலால் தடவினால் துரு மாவாக ஒட்டியது. கால்வாசி எண்ணெயில் தயக்கம் கூடியதற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. டாங்கியைக் கழுவிக் காயவைத்தோம். எண்ணெயைக் குறைவாகவே வைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: காலி இடத்தில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். பம்பைக் குளிரவைப்பதும் அதைச் சுற்றியிருக்கும் அந்த எண்ணெய்தான்.

பம்பையும் மூடியையும் இணைக்கும் சின்ன ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அழுத்தத்தின் ஒரு பகுதி அந்த விரிசல் வழியாக டாங்கிக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தக் குழாய் உள்ளேயும் வெளியேயும் எண்ணெயில் ஊறுகிறது. சாதாரணப் பெட்ரோல் குழாய் அதைத் தாங்காது, வெளிப்பக்கம் ஊதி நெகிழ்ந்துவிடும். எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சடித்த, மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த குழாயைத்தான் போடவேண்டும். விலை அதிகம், ஆனால் ஒரு சாண் போதும். ரப்பர் தோட்டத்தில் பிறந்த நமக்கு ஓர் ஆச்சரியம்: 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் தொடங்கி, நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரத்து ரப்பர் பெட்ரோலுக்கு ஆகாது. ஊறிப் பெருத்துப் பிய்ந்துவிடும். அந்தப் பால் டயருக்குப் போயிற்று. பெட்ரோல் குழாய்க்கு வேறு செயற்கை ரப்பர்.

வயரிங்கை அண்ணன் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து புறப்படும் இடத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 20 ஆம்பியர் பியூஸ். பியூஸ் இருப்பது பம்பைக் காக்க அல்ல, வயரைக் காக்க. அதைப் பின்பக்கம் பம்புக்கு அருகில் வைத்தால், நடுவழியில் வயர் உரசிப் பாடியில் பட்டு எரியும்போது அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். வயர் பல இழைச் செம்பு, 4 சதுர மில்லிமீட்டர், காருக்கென்று செய்தது. வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறிந்துவிடும். இஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம், வழி முழுவதும் நெளிவுக் குழாய், கதவோரம் கம்பளத்தின் கீழ். இருக்கைத் தண்டவாளத்தில் படாமல், எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல்.

பின்னால் ஒரு 40 ஆம்பியர் ரிலே. ரிலேயின் கால்களில் முப்பதாம் எண்ணுக்குப் புதுத் தடி வயர், எண்பத்தேழிலிருந்து பம்ப். எண்பத்தாறுக்கு, கம்பெனி போட்ட பழைய பம்ப் வயர். எண்பத்தைந்து எர்த். பழைய வயரின் வேலை இனி ரிலேயை எழுப்புவது மட்டும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம், கறுத்துப்போன சுவிட்சும் அதைத் தாங்கும். பம்பின் எர்த்துக்கும் அதே தடி வயர், குட்டையாக, பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்தபின் போல்ட் முடுக்கி, மேலே கிரீஸ். டாங்கிக்குள் இருக்கும் வயரும் பெட்ரோலில் ஊறினாலும் உரியாத உறை போட்டதாக இருக்கவேண்டும். மூடியில் துளை போட்டுச் சாதாரண வயரைச் செருகி சிலிக்கான் பூசுவதை நான் சில கார்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இதில் உயிர் காக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய பம்ப் வயர், இஞ்சின் சுற்றினால் மட்டுமே மின்சாரம் கொடுக்கும். விபத்தில் இஞ்சின் அணைந்தால் இசியு பம்பை நிறுத்திவிடும். ரிலேயை அந்த வயரால் எழுப்பினால் அந்தக் காவல் அப்படியே இருக்கும். சிலர் சுலபம் என்று ரிலேயை இக்னிஷனிலிருந்தோ, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தோ எழுப்புகிறார்கள். கார் கவிழ்ந்து குழாய் அறுந்து கிடக்கும்போதும் அந்தப் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படி வயரிங் செய்த காரில் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். எவலூஷன் போன்ற சில ஜப்பானிய டர்போ கார்களில் மெதுவாக ஓடும்போது பம்பின் வோல்ட்டைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். அதில் கைவைக்கும் முன் வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியபின் அதே இடத்தில் அதே மீட்டர். பேட்டரியில் 13.9, பம்பில் 13.5. ரெகுலேட்டரின் வாக்கம் குழாயைக் கழற்றி அழுத்தம் பார்த்தோம். 3 பாரில் ஆடாமல் நின்றது. கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரை மாட்டிக்கொண்டு, ரோன் 97 நிரப்பி, மெனோரா மேட்டில் அண்ணனையே ஓட்டச் சொன்னேன். முழு பூஸ்டில் 11.4. பிடித்து இழுத்தது யாரோ, அவர் விட்டுவிட்டார். பம்பின் ரீங்காரம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது. முழு வோல்ட்டில் சுற்றும் மோட்டாரின் சத்தம் அது, பயப்படவேண்டாம்.

அண்ணன் பிறந்த தோட்டம் இன்று செம்பனையும் வீடுகளுமாக மாறிவிட்டது. பால்மரத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் புந்தோங்கிலும் சிலிபினிலும் ஜெலாப்பாங்கிலும் பட்டறைகளில் சேர்ந்துதான் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். ஆனால் இந்த ஊரில் ஒரு வழக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. பம்புக்குக் கேட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். டர்போவுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளியை எடுத்து வைக்கிறோம். நாள் முழுக்கக் கம்பளத்தின் கீழ் முழங்கால் போட்டு வயர் இழுத்தவரிடம் மட்டும் ஐம்பது வெள்ளி குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். வயரிங் முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் மதிப்பும் தெரிவதில்லை.

பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸுக்குள் பம்ப் முனையில் வோல்ட்டை அளந்துவிடுங்கள். பேட்டரிக்கும் பம்புக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பம்ப் வாங்கும் பணத்தை எடுத்து முதலில் வயருக்குப் போடுங்கள். வயர்மேன் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.